முள்வேலிக்குள் ஒரு நகரம்

ஆற்றங்கரையிலோ, துறைமுகத்தை அண்டியோ, கோயிலைச் சூழ்ந்தோ தலைமுறை தலைமுறையாக மக்கள் குடியேறி வளர்வதே நகரங்களின் இயல்பு. ஆனால், மூன்றே ஆண்டுகளில் 75,000 பேரைக் கொண்டதாக வளர்ந்தும், தேசப்படத்திற் பெயர் பெறாதிருந்த நகரம் ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெனசி மாநிலத்திலுள்ள ஓக் றிட்ஜ் என்பதே அது. நேயர்களே, அந்நகருக்குச் செல்வோர் காண்பவை யாவை, அவை உணர்த்துவது யாது என்பதை இன்று சிறிது நோக்குவோம்.

இரண்டாம் உலக யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த 1942 செப்ரெம்பர் மாதத்தில், அணுகுண்டுத் திட்டத்தின் தலைவரான ஜெனரல் லெஸ்லி குறோவ்ஸ் இவ்விடத்தைத் தெரிவுசெய்தார். அது கடற்கரைக்குத் தொலைவானது. நொறிஸ் அணையின் மின்சாரம் அருகிற் கிடைத்தது. ஓர் ஆலையில் விபத்து நேரின் மற்றையதைத் தாக்காவண்ணம் குன்றுத் தொடர்கள் இடையிட்டு நின்றன. ஏறக்குறைய 59,000 ஏக்கர் நிலத்தை அரசாங்கம் சுவீகரித்தது. அங்கே பயிர்செய்து வாழ்ந்த சுமார் 3,000 பேர் வெளியேற நேர்ந்தது. சிலருக்குக் கிடைத்த தவணை இரண்டே வாரங்கள். அவர்களுட் சிலர், முன்னர் நொறிஸ் அணைக்காகவும் தம் நிலங்களை இழந்தவர்கள்.

இயற்கையிற் கிடைக்கும் யுரேனியத்தில் ஆயிரத்தில் ஏழு பங்களவே குண்டுக்கு உதவும் இலேசான வகையாகும். அதனைப் பிரித்தெடுப்பதே இந்நகரின் தலையாய தொழில். இதற்கென வை-12 என்னும் ஆலையில் மாபெரும் மின்காந்தங்கள் அமைக்கப்பட்டன. செம்பு அரிதாயிருந்தமையால், அரசாங்கத் திறைசேரியிலிருந்து 14,000 தொன்னுக்கு மேற்பட்ட வெள்ளியைக் கடனாகப் பெற்று அவற்றின் சுருள்களைச் செய்தனர். பொறிகளைக் கண்காணித்தோருட் பலர் பள்ளிப்படிப்பை அண்மையில் முடித்த இளம் பெண்கள். கருவியின் முள் குறித்த எல்லையைத் தாண்டாமற் பார்த்துக்கொள்வதே அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட வேலை. அந்த முள் எதனை அளக்கிறது என்பது சொல்லப்படவில்லை. வேலையைப் பற்றிக் கேட்பதும் பேசுவதும் தடை. இரகசியம் எல்லோருக்கும் பொதுவாயிருந்தது. வாழ்க்கை வசதிகள் அவ்வாறிருக்கவில்லை. கறுப்பினத் தொழிலாளர் ஒதுக்கப்பட்ட சிறு மரக்குடில்களில் வாழ்ந்தனர். அவர்களுட் கணவனும் மனைவியுங்கூடப் பிரிந்திருக்க நேர்ந்தது.

1945 ஓகஸ்ட் 6 ஆம் நாள் ஹிரோஷிமாவில் வீசப்பட்ட குண்டில் இருந்தது ஓக் றிட்ஜ் நகரின் யுரேனியம். அவ்வாண்டின் இறுதிக்குள் அங்கு ஏறத்தாழ 140,000 பேர் மாண்டனர் என்பது கணிப்பு. தாம் செய்தது இன்னதென்பதை ஆலைத் தொழிலாளர் பெரும்பாலானோர் வானொலி வாயிலாகவும் பத்திரிகை வாயிலாகவுமே அறிந்தனர். களத்திலிருந்த சகோதரர் வீடு திரும்புவர் என்று மகிழ்ந்தோர் பலர். தம் கைகள் எதில் ஈடுபட்டிருந்தன என்றெண்ணி மனங்கலங்கியோரும் இருந்தனர்.

அறியாது செய்தவர்மீது பழி சுமத்துதல் முறையன்று. ஆயினும், ஒரு பெருஞ்செயலைச் சிறு சிறு வேலைகளாகப் பகுத்துவிட்டால், அதனைச் செய்யலாமா என்ற வினா செய்வோர் உள்ளத்தில் எழ இடமில்லாது போகிறது. அவ்வினாவைக் கேட்கும் உரிமை மிகச் சிலரிடமே தங்கிவிடுகிறது. ஓக் றிட்ஜ் நகரின் வரலாற்றில் நாம் ஊன்றிச் சிந்திக்கவேண்டியது இதுவே.

நகரின் வாயில்கள் 1949 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. 2015 இல் இவ்விடம் ஒரு தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதியாயிற்று. 1943 முதல் 1963 வரை இயங்கிய அணு உலை இன்றும் பேணப்படுகிறது. யுத்தம் முடிந்த மறுவருடமே அவ்வுலையில் ஆக்கப்பட்ட கதிரியக்கக் காபன் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது. அழிவுக்கென எழுந்த இடமே நோய் தீர்க்கவும் உதவிற்று. எனினும், வை-12 ஆலையில் அணுவாயுதப் பணி ஓயவில்லை.

வேறிரு காட்சிகளும் அங்குண்டு. ஒன்று, வீற் என்னும் பழைய கிராமத்தின் தேவாலயம். 1901 இல் எழுந்த அது, தன்னைச் சூழ்ந்திருந்த ஊர் மறைந்தபின் தனித்து நிற்கிறது. மற்றையது, யப்பானின் கியோத்தோ நகரில் வார்க்கப்பட்டு 1996 இல் நிறுவப்பெற்ற நட்புறவு மணி. அந்நகரில் வாழ்ந்த யப்பானியப் பெண்மணி ஒருவரும் அவர் கணவரும் முன்வைத்த எண்ணமே அம்மணியாக உருப்பெற்றது. ஓக் றிட்ஜ் செல்வோர் ஆலைகளைக் கண்டு வியப்பதோடு நில்லாது, இவ்விரண்டின் முன்னும் சற்றே நின்று திரும்புவது நன்று.