பங்கசுக் கண்புண்ணும் புரத ஆராய்ச்சியும்

பங்கசுக் கண்புண் என்பது, நெற்சுணையோ உமியோ முள்ளோ கண்ணிற் கீறியவிடத்து, மண்ணிலும் உக்கிய இலைகுழைகளிலும் இயல்பாக வாழும் பங்கசுகள் குடிபுகுந்து, விழிவெண்படலத்தை அரித்துப் பார்வையைக் கெடுக்கும் வியாதியாகும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குளங்களின் கீழ் வயல் செய்யும் வன்னி மக்களுக்கு, காலபோகத்து அரிவி வெட்டும் சூடடிப்பும் நடக்கும் நாட்களில் இக்காயம் எளிதில் நேரக்கூடியது. ஆதலின் இவ்வியாதியின் சரித்திரம் அவர்களுக்கும் உரியதே.

இதனை வைத்திய நூல்களில் முதன்முதல் விவரித்தவர் ஜெர்மானியக் கண்வைத்தியர் தியோடர் லேபர். 1879 இல் அவர் கண்ட நோயாளியும், சூடடிக்கையில் ஓட்ஸ் உமி கண்ணிற் பட்ட ஒரு கமத்தொழிலாளியே. பங்கசு உண்டென்பது அன்றே தெரிந்தும், அது படலத்தை எவ்வாறு அழிக்கிறதென்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 1964 இல் டட்லி, சிக் என்போர், பியூசேரியம் என்னும் பங்கசின் சாறு மாத்திரமே முயல்களின் விழிவெண்படலத்தைப் பழுதாக்கக் கண்டபின், பங்கசு வெளிவிடும் நொதியங்களே, அதாவது ஒருவகைப் புரதங்களே, அழிவுக்கு ஏதுவாகலாம் என்ற எண்ணம் வலுத்தது.

இத்துறையில் தமிழர் பெருமைப்படத்தக்க வேலை நடந்த இடம் மதுரை. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976 இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 1994 சனவரி முதல் மார்ச் வரை வந்த 434 விழிவெண்படலப் புண் நோயாளிகளை ஆராய்ந்தபோது, கிருமி வளர்ந்த 297 பேரில் பற்றீரியாவால் மாத்திரம் பீடிக்கப்பட்டோர் 140 பேரும், பங்கசினால் மாத்திரம் பீடிக்கப்பட்டோர் 139 பேருமாக இருந்தனர். இந்தச் சமநிலையே வைத்தியரின் சங்கடம் முழுவதற்கும் மூலம். பற்றீரியாவுக்கான துளிமருந்து பங்கசை அணுகாது. நிர்ணயமின்றி இடப்படும் ஸ்டீரோய்ட் துளியோ பங்கசுக்கு வழிதிறந்துவிடும். வளர்ப்புச் சோதனையின் முடிவுக்கு நாட்கணக்கிற் காத்திருக்கையில் கண் போய்விடும்.

ஆகவே புண்ணை விட்டு, அதன் புரதங்களை நோக்கி ஆராய்ச்சி திரும்பியது. அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர் கு. தர்மலிங்கத்தின் குழுவினர், பியூசேரியம் பீடித்தோரின் கண்ணீர்ப் புரதங்கள் தொற்றினால் மாறுபடுவதை 2013 இலும், அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பங்கசு மிகுதியாகச் சுரக்கும் காரப் புரதச்சிதைப்பி ஒன்று பல வடிவங்களிற் காணப்படுவதை 2015 இலும் வெளியிட்டனர்.

சிகிச்சையில் இவ்வறிவு இன்னும் கனியவில்லை என்றே சொல்லவேண்டும். 323 நோயாளிகளைக் கொண்டு நிகழ்ந்து 2013 இல் வெளியான பரிசோதனையில், பங்கசின் நொதியமொன்றைத் தடுக்கும் புதிய மருந்தாகிய வோரிகொனசோலைவிட, பங்கசின் சவ்விலுள்ள எர்கோஸ்டெரோல் என்னும் பொருளைப் பற்றும் பழைய மருந்தாகிய நட்டமைசினே, விசேஷமாகப் பியூசேரியத்துக்கு எதிராக, மேம்பட்டு நின்றது.

நோய் நிர்ணயத்திலோ பலன் கைக்கெட்டிவிட்டது. அஸ்பெர்ஜில்லஸ் வளரும்போது வெளிவிடும் சர்க்கரைப் புரதமொன்றைப் பிறபொருளெதிரியாற் கண்டுகொள்ளும் சிறு பட்டி, சுவாசப்பை நோய்க்கென ஆக்கப்பட்டது. அதனையே விழிப்புண்ணின் சுரண்டலிற் பயன்படுத்தி, மதுரையினரும் எடின்பரோவினரும் கூடி நடத்திய ஆய்வு 2023 இல் வெளியாயிற்று. ஆய்வுகூடம் அருகில்லாத வைத்தியசாலையிலும் சில நிமிடங்களில் விடை தரவல்ல முறையாதலால், வன்னி போன்ற பிரதேசங்களுக்கு இதனினும் ஏற்றது அரிது. ஆயினும் அது பியூசேரியத்தை அறியாது. 1994 ஆம் ஆண்டு மதுரை ஆய்விலே பங்கசுகளுள் ஏறக்குறையப் பாதியாயிருந்த அப்பகைக்கு, சுரண்டலைப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் இட்டு நுணுக்குக்காட்டியிற் பார்க்கும் பழைய முறையே இன்றும் முதற்படி.