கருவிலே அறிதல்

பதுளைத் தோட்டங்களில் கர்ப்பிணிக்கு நெடுங்காலம் துணையாயிருந்தவை தோட்ட மருந்தகமும் மருத்துவிச்சியின் கைப்பழக்கமுமே. சிசுவின் குறையைக் கருவிலேயே அறியும் கலை வேறிடத்தில் வளர்ந்தது. 1866இல் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர் விவரித்த பிறவிக் குறைக்கு, இருபத்தோராம் நிறமூர்த்தம் மூன்றாயிருத்தலே காரணமென்று 1959இல் லெஜியூன் குழுவினர் பாரிசில் அறிவித்தனர். 1966இல் பனிக்குடநீரின் கலங்களை வளர்த்து நிறமூர்த்தங்களை எண்ணலாயினர். கொழும்பு மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு 1983இல் தோன்றியது.

பதுளையிலிருந்து கொழும்புக்கு இரயிலில் ஏறக்குறையப் பத்து மணி நேரம். நாட்கூலியை இழந்து எத்தனை பேர் போவர்? போய் அறிந்தாலும், தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருவைக் கலைத்தல் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும். ஆகவே சோதனை இலங்கைத் தாய்க்குத் தருவது முன்னறிவு ஒன்றே. அதுவும் சிறிதன்று. இக்குறையுடைய குழந்தைகளுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருதயக் கோளாறும் உண்டாதலின், பிரசவத்தை எந்த மருத்துவமனையில் வைத்துக்கொள்வதென்று முன்கூட்டியே தீர்மானிக்கலாம்.