வாங்குவோன் சதிகாரனா?

ஒவ்வொரு விற்பனையும் இருவரது உடன்பாடே. எனின், போதைப்பொருளை வாங்கியவன் விற்றவனோடு சதி செய்தவனாவானா? 1940இல், கள்ளச்சாராயம் வடித்தோருக்குச் சீனியும் மதுவமும் விற்றோரை, அவர்தம் தொழிலை அறிந்திருந்தமைக்காக மட்டும் சதிகாரர் எனலாகாதென்று ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1943இலோ, வைத்தியர் ஒருவருக்குத் தபால்மூலம் பெருமளவு மோர்பின் தொடர்ந்து விற்ற கம்பனியைச் சதிக்கு உடந்தையெனக் கண்டது. பண்டத்தின் தன்மையும் அளவுமே அங்கு நோக்கத்தைப் புலப்படுத்தின.

இதே தர்க்கத்தால், மொத்தமாக வாங்குவோனிடம் மறுவிற்பனை நோக்கத்தை ஊகிக்கலாம். தன் நுகர்வுக்கெனச் சிறிதளவு வாங்குவோனிடம் எதனை ஊகிப்பது? 1988இல் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைகள் சதிக்கும் விரிக்கப்பட்டமையால், இவ்வினா பல்லாண்டுச் சிறைவாசம் பற்றியதாயிற்று. வழக்குத்தொடுநரோ வேறொரு வழியுங் கண்டனர்: ஒரு கிராம் கொக்கெயின் வாங்கத் தொலைபேசியிற் பேசியவன் விற்பனைக்கே உதவினான் என்றனர். சிறுகுற்றத்தைப் பெருங்குற்றமாக்கிய அவ்விபரீத வாதத்தை உயர் நீதிமன்றம் 2009இல் ஏகமனதாக நிராகரித்தது.