கல்லூரிப் பணத்துக்கு முன்னால் பஸ் டிக்கெட்

1981 ஜூன். நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில், 121ஆம் எண் அரசுப் பள்ளியின் பிரிவு உபசார விழா. சிறப்புரைக்கு வந்த தொழிலதிபர் யூஜின் லாங், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அங்கேயே படித்தவர். உழைத்தால் உயரலாம் என்கிற வழக்கமான பேச்சோடுதான் வந்திருந்தார். இந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் உயர்நிலைப் பள்ளியை முடிக்கப்போவதில்லை என்று தலைமையாசிரியர் சொன்னதும் அதைக் கைவிட்டார். பள்ளியை முடித்தால் கல்லூரிச் செலவு தன்னுடையது என்று ஆறாம் வகுப்பு மாணவர்கள் 61 பேருக்கும் மேடையிலேயே வாக்குக் கொடுத்தார்.

ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் முயற்சிக்கு அரசு முன்பே வந்துவிட்டது. 1964இன் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தை ஒட்டிப் பிறந்த ‘அப்வர்ட் பவுண்ட்’ திட்டம், ஏழை மாணவர்களைக் கோடையில் கல்லூரி வளாகங்களுக்கே வரவழைத்துப் பாடம் நடத்தியது. ஆனாலும் மக்கள் மனத்தில் பதிந்தது லாங்கின் பணம்தான். பிள்ளைகளைக் கூடவே இருந்து கவனிக்க அவர் ஓர் ஒருங்கிணைப்பாளரை அமர்த்தியது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

பணம் தந்து உதவும் இந்த வழியின் உச்சம் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ. பெயர் சொல்ல விரும்பாத கொடையாளர்கள், ஊரின் அரசுப் பள்ளிகளில் படித்து முடிப்பவர்களுக்கு மாநிலப் பொதுக் கல்லூரிகளில் கட்டணம் தருவதாக 2005 நவம்பரில் அறிவித்தார்கள். மழலை வகுப்பிலிருந்தே படித்தவர்களுக்கு முழுக் கட்டணம். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு 65 சதவீதம்.

வேறொரு வழி அதற்கு நான்காண்டு முன்பே கனடாவின் டொராண்டோவில் பிறந்திருந்தது. ரீஜன்ட் பார்க், அரசு வாடகைக் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் அங்கே 56 சதவீதம். கவலைப்பட்டது கல்வித் துறையல்ல, சமூக நல மருத்துவ நிலையம்! இங்கே பிறக்கும் குழந்தைகளே நாளை இந்த நிலையத்தின் மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் நிர்வாகிகளாகவும் வரவேண்டும் என்பது அதன் தலைவர் கரோலின் ஆக்கரின் கனவு. அந்தக் கனவுக்கு முதல் தடை பள்ளியிலேயே இருந்தது.

அதை நீக்க, நிலையம் 2001இல் ‘பாத்வேஸ் டு எஜுகேஷன்’ திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பகுதிக்குள் உயர்நிலைப் பள்ளி கிடையாது. பிள்ளைகள் நகரெங்கும் சிதறிப் படித்தார்கள். எனவே பயணச்சீட்டு தரப்பட்டது, அதுவும் ஒழுங்காக வருபவர்களுக்கு. மாலையில் வீட்டருகே தன்னார்வலர்களின் ட்யூஷன் நடந்தது. மூத்தவர்களின் வழிகாட்டலும் உண்டு. மேற்படிப்புக்கென ஆண்டுக்கு 1,000 டாலர் வரை சேர்ந்து, 4,000 வரை ஏறியது. இவற்றையெல்லாம் கட்டிவைத்தவர், ஒவ்வொரு மாணவருக்கும் அமர்த்தப்பட்ட உதவிப் பணியாளர். வருகை குறைந்தாலோ மதிப்பெண் சரிந்தாலோ, பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பேசுவது அவர் வேலை. அவர் இல்லாமல் மற்றவை நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆர்வமுள்ள பிள்ளைகள்தானே சேர்ந்திருப்பார்கள் என்ற ஐயம் எழாமல் இராது. பொருளியலர் பிலிப் ஓரியோபூலஸும் சகாக்களும் அதற்கு இடம் வைக்கவில்லை. சேர்ந்தவர், சேராதவர் என்று பிரிக்காமல், சேரத் தகுதியிருந்த அனைவரையும் டொராண்டோவின் பிற அரசுக் குடியிருப்புப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். பள்ளி முடித்தவர்கள், கல்லூரி சேர்ந்தவர்கள் எண்ணிக்கை கணிசமாகக் கூடியிருந்தது. அதே பிள்ளைகள் வேலைக்குப் போன வயதில் மீண்டும் கணக்குப் பார்த்தபோது, ஆண்டு வருமானம் 19 சதவீதம் உயர்ந்திருந்தது. அரசு நிவாரணத்தை நம்பியிருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தார்கள்.