தண்டியடிகள் தோண்டிய குளம்

திருவாரூர்ப் பெருமானைத் தொழச் செல்லும் அன்பர்கள், திருக்கோயிலுக்கு மேற்கே கடல்போல் விரிந்து கிடக்கும் கமலாலயத்தைக் கண்டு வியவாதிரார். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்பது அவ்வூர் வழக்கு. ஐந்து வேலி என்பது ஏறத்தாழ 33 ஏக்கர். இறைவன் உறையும் இடத்திற்கு எத்துணை நிலமோ, நீர் உறையும் இடத்திற்கும் அத்துணை நிலம் என்று கோயிலை வகுத்திருக்கின்றனர் நம் முன்னோர்.

அத்தகைய குளமும் ஒரு காலத்தில் குறுகிப் போயிற்று. சுற்றிலும் சமணர் இருப்பிடங்கள் பெருகி, நீர்நிலைக்கு இடம் குறைந்ததென்று 12-ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். பிறவியிலேயே கண்ணொளி இல்லாத தண்டியடிகள் இதனை அறிந்து, குளத்தின் நடுவே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டினார். கூடையிற் சுமந்து வந்து கரையிற் கொட்டினார். துணைக்கு ஒருவரும் இல்லை.

அப்பொழுது சமணர்கள், மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் மடியும் என்று தடுத்தனர். இதனை வெறும் சமயப் பூசலென்று தள்ளிவிடுதல் ஆகாது என்பது நம் கருத்து. மண்வெட்டி படுமிடத்தில் புழுவும் பூச்சியும் மடிவது மெய்தானே! எனினும், தூர்ந்த குளத்தில் மீனுக்கும் ஆமைக்கும் வாழ்வேது? சேறு படிந்து மேடிட்டால் மழைநீர் தங்காது. ஊர்க் கிணறுகளின் ஊற்றுக்கண்கள் அடைபடும். ஆவும் கன்றும் நீருக்கு அலையும். வெட்டியெடுத்த வண்டலோ வயலுக்கு உரமாகும். அடிகள் இவற்றையெல்லாம் எடுத்துரைத்து வாதிடவில்லை. சிவத்தொண்டு என்ற ஒரு சொல்லில் அடக்கினார். அவர்தம் கொட்டைப் பறித்துத் தறிகளைப் பிடுங்கி எறிந்தபோது இறைவனிடமே முறையிட்டார்.

பின்னர் அடிகள் கண்பெற்றதும், சமணர் கண்ணிழந்ததும் அன்பர்கள் பலகாலும் கேட்டவையே. அவற்றின்பின் அரசன் செய்த செயலை விரித்துச் சொல்வார் அரியர். அவன் குளத்தைச் சூழ்ந்திருந்த கட்டடங்களை அகற்றினான். குளத்தின் எல்லையை மீட்டுக் கரை கட்டுவித்தான். கண்ணொளி தந்தது இறைவன் அருள். கரையை மீட்டது அரசன் ஆணை.

இக்கதையைக் கேட்கும்பொழுது நமக்குச் சமணர்மேற் சினம் எழுகின்றது. இன்று எத்தனையோ ஊர்களில் திருக்குளத்தின் வரத்துக்காலை மூடிக் கடை கட்டியவர் யாவர்? சமணர் அல்லர்; திருநீறு பூசிய நாமே. சில ஊர்களில் அழகுக்கென்று குளத்தின் அடியிலே சிமெண்டும் பூசிவிட்டோம். நீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லை. மாடவீதிக் கிணறு வற்றியபின் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கின்றோம்.