பொக்லைன் இயந்திரமும் பிழைக்குறியீடுகளும்

பிழைக்குறியீடு என்பது ஹைட்ராலிக் தோண்டும் இயந்திரத்தின் கணினி திரையில் காட்டும் எண். சென்சாரிலிருந்து வரும் மின் அளவு எல்லை மீறும்போதோ, சென்சார் அளக்கும் அழுத்தம், வெப்பம் போன்றவை ஆபத்தான நிலைக்குச் செல்லும்போதோ அந்த எண் தோன்றும். பணிமனைகளில் இது எரர் கோடு எனப்படுகிறது. காதாலும் கையாலும் பழுதை அறிந்த மெக்கானிக்கின் அறிவு எண்களைப் படிக்கும் அறிவாக மாறியதே இதன் வரலாறு.

பெயரும் வருகையும்

பிரான்சின் பொக்லைன் நிறுவனம் 1961இல் டிஒய்45 என்ற இயந்திரத்தை வெளியிட்டது. அதன் மேற்பகுதி முழு வட்டமாகச் சுழலக்கூடியது. கம்பிவடமும் உருளையும் செய்த வேலையை அதில் எண்ணெய் அழுத்தம் செய்தது. 1970களில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் பொக்லைனின் தொழில்நுட்பத்தைப் பெற்று இந்தியாவில் இவ்வகை இயந்திரங்களைத் தயாரித்தது. அந்த நிறுவனத்தின் பெயரே தமிழில் பொருளின் பெயராக நிலைத்தது. எந்த நிறுவனம் செய்ததாக இருந்தாலும் நாளிதழ்கள் இன்றும் ‘பொக்லைன் இயந்திரம்’ என்றே எழுதுகின்றன. பேச்சுவழக்கில் சக்கரம் கொண்டது ஜேசிபி, சங்கிலித்தடம் கொண்டது ஹிட்டாச்சி.

கொடைரோடு திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சிறுமலைக்கு மேற்கே உள்ளது. அம்மையநாயக்கனூர் என்று அழைக்கப்பட்ட ரயில் நிலையம், கொடைக்கானலுக்குச் செல்லும் சாலையின் தொடக்கமானதால் இப்பெயரைப் பெற்றது. ஸ்ரீநகர்–கன்னியாகுமரி வடக்கு தெற்கு நெடுஞ்சாலை இவ்வூர் வழியாகச் செல்கிறது. அச்சாலை நான்குவழியாக அகலப்படுத்தப்பட்ட பணியிலும், 2017இல் தமிழக அரசு மீண்டும் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தின் கண்மாய் தூர்வாரலிலும், கல்குவாரி, கிணறு, தோட்ட வேலைகளிலும் இவ்வகை இயந்திரங்கள் திண்டுக்கல் சமவெளியின் அன்றாடக் காட்சியாயின.

காதும் கையும்

முதல் தலைமுறை இயந்திரங்களில் சென்சார்கள் மிகக் குறைவு. என்ஜின் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் ஒரு விளக்கு எரியும். மற்றவற்றை மெக்கானிக்கே அறியவேண்டும். பம்ப் கீச்சிட்டால் எண்ணெய் போதவில்லை அல்லது காற்று கலந்துள்ளது. பளு ஏறும்போது கரும்புகை வந்து என்ஜின் திணறினால் பம்ப் அளவுக்கு மீறி இழுக்கிறது. ஒருபக்கச் சங்கிலி மட்டும் மெதுவாக ஓடினால் இரு பம்புகளின் குழாய்களை இடம் மாற்றிப் பூட்டுவார்கள். குறை மறுபக்கம் போனால் பழுது பம்பில், போகாவிட்டால் அதற்கு அப்பால். ஒரு அழுத்தமானியும் சில ஸ்பேனர்களும் போதும். இந்த அறிவு புத்தகத்தில் இல்லை. உதவியாளாகச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கற்றது.

மின்னணுக் கட்டுப்பாடு

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருள் சிக்கனம் முதன்மையானது. 1980களில் ஜப்பானிய நிறுவனங்கள் என்ஜினையும் பம்பையும் ஒரு கணினிப் பெட்டியால் இணைத்தன. என்ஜின் வேகத்தை அளந்து, பம்ப் எவ்வளவு எண்ணெய் தள்ளவேண்டும் என்று அப்பெட்டி முடிவெடுத்தது. இந்தியாவில் டாடா நிறுவனம் ஹிட்டாச்சியுடனும், 1998இல் லார்சன் அண்ட் டூப்ரோ கோமட்சுவுடனும் கூட்டுச் சேர்ந்ததால் இத்தொழில்நுட்பம் இங்கும் பரவியது.

கோமட்சுவின் பிசி200-6 இயந்திரத்தில் தோன்றும் ‘ஈ02’ என்ற குறியீடு ஓட்டுநர்கள் நன்கறிந்தது. பம்பைக் கட்டுப்படுத்தும் வால்வின் மின்சுற்றில் பழுது என்று அதற்குப் பொருள். அப்போது இருக்கை அருகிலுள்ள அவசரச் சுவிட்சைப் போட்டால் கணினியைத் தவிர்த்து நிலையான மின்னோட்டம் வால்வுக்குச் செல்லும். வேலை நிற்காது. ஆனால் அது தற்காலிக ஏற்பாடு மட்டுமே. ஹிட்டாச்சி, கணினியுடன் இணைத்துப் படிக்க ‘டாக்டர் ஈஎக்ஸ்’ என்ற கருவியை அளித்தது.

பொதுமொழி

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் ‘கேன்’ என்ற தகவல் இணைப்பு முறையை அறிமுகம் செய்தது. இரண்டு கம்பிகளிலேயே பல கணினிகள் பேசிக்கொள்ளும் முறை அது. அதன்மீது அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 1990களில் ‘ஜே1939’ என்ற தரத்தை உருவாக்கியது. இதில் குறியீட்டுக்கு இரு பகுதிகள் உண்டு. எஸ்பிஎன் எதில் குறை என்று சொல்லும். எஃப்எம்ஐ எவ்வகைக் குறை என்று சொல்லும். நிறுவனங்கள் திரையில் தம் சொந்த எண்களைக் காட்டினாலும் என்ஜின் குறியீடுகள் பெரும்பாலும் இதைப் பின்பற்றுகின்றன.

இரண்டாம் பகுதியைப் பார்க்காமல் விடுவது பெருஞ்செலவில் முடியும். எஸ்பிஎன் 100 என்பது என்ஜின் எண்ணெய் அழுத்தம். அதனுடன் எஃப்எம்ஐ 1 வந்தால் அழுத்தம் உண்மையிலேயே ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது. உடனே என்ஜினை நிறுத்தவேண்டும். எஃப்எம்ஐ 4 வந்தால் சென்சார் சுற்றின் மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே உள்ளது. பெரும்பாலும் கம்பி உரசியிருக்கும் அல்லது சென்சார் கெட்டிருக்கும். முதலாவதை ‘வெறும் சென்சார் குறை’ என்று எண்ணி ஓட்டினால் பேரிங்குகள் உருகி என்ஜினே போய்விடும்.

குறியீடு சொல்லாதது

குறியீடு சுட்டுவது ஒரு மின்சுற்றை; பழுதான பாகத்தை அல்ல. அழுத்த சென்சாருக்கு மூன்று கம்பிகள் உண்டு: 5 வோல்ட் வழங்கல், தரை, சைகை. சைகை பொதுவாக 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் நிற்கும். பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் வழங்கலைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்றில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் திரையில் நான்கைந்து குறியீடுகள் ஒன்றாகத் தோன்றும். நான்கைந்து சென்சார்களையும் மாற்றுவது வீண். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மல்டிமீட்டரைப் பார்த்தால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அந்தக் கிளையில்தான் பழுது.

குவாரித் தூசி, அதிர்வு, என்ஜின் வெப்பம், எலிக்கடி, கழுவும்போது கனெக்டருக்குள் புகும் நீர் ஆகியவை கம்பிகளைக் கெடுப்பவை. எனவே தேர்ந்த மெக்கானிக் புதிய சென்சார் வாங்கும் முன் கனெக்டரைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கிறார். பின் அழுத்தமானியைப் பூட்டி, திரை காட்டும் அளவுடன் ஒப்பிடுகிறார். இரண்டும் ஒத்தால் சென்சார் உண்மை சொல்கிறது என்று பொருள்.

படிக்கும் உரிமை

2021 ஏப்ரலில் சக்கரம் கொண்ட கட்டுமான இயந்திரங்களுக்குப் பாரத் நிலை 4 புகைவிதிகள் வந்தன. மின்னணு எரிபொருள் செலுத்தலும் கூடுதல் சென்சார்களும் ஜேசிபி வகை இயந்திரங்களில் பரவின. குறியீட்டைத் திரையில் எவரும் காணலாம். ஆனால் அளவுத்திருத்தம், புதிய கணினிப்பெட்டியைப் பதிவுசெய்தல் போன்றவற்றுக்கு நிறுவனத்தின் மென்பொருள் தேவைப்படுகிறது. ஆகவே மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடும் இயந்திரம், நகரத்திலிருந்து ஆள் வரும்வரை நிற்கிறது. வாடகை நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசி உள்ளிட்ட மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளே அதற்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டன. கட்டுமான இயந்திரங்கள் தனித்துறையாக இடம்பெறவில்லை. சிற்றூர் மெக்கானிக்குகள் கையேடுகளின் நகல்களையும் கைபேசிக் காணொளிகளையும் கொண்டு இந்த இடைவெளியை நிரப்பிவருகின்றனர். குழாயை இடம் மாற்றிப் பழுதைத் தேடிய பழைய தர்க்கமே, கனெக்டரைக் கழற்றி 5 வோல்ட்டைத் தேடும் இன்றைய முறையிலும் தொடர்கிறது.