தொண்டைக்குள் ஒரு மாஸ்க்

ஆபரேஷன் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது கத்தி. மயக்க டாக்டருக்கு ஞாபகம் வருவது நாக்கு!

சிரிக்காதீர்கள். மயக்க மருந்து ஏறியதும் தசைகள் தளர்ந்துவிடும். நாக்கும் தொண்டைச் சதையும் பின்னால் சரிந்து மூச்சு வழியை அடைத்துக்கொள்ளும். சில நிமிஷம் கவனிக்காமல் விட்டால் போதும், கத்திக்கு வேலையே இருக்காது.

இதற்கு 1980 வரை பெரும்பாலும் இரண்டே வழிகள்தான். ஒன்று, முகத்தில் ரப்பர் மாஸ்க்கை அழுத்தி, தாடையைத் தூக்கிப் பிடித்தபடியே ஆபரேஷன் முடியும்வரை இருப்பது. கை மரத்துப் போய்விடும். இன்னொன்று, குரல்வளையைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் டியூப் விடுவது. பத்திரமான வழி. ஆனால் நன்றாகப் பழகிய கை வேண்டும். சில தொண்டைகளில் அந்தக் கையும் தோற்றுப்போகும்.

1981. லண்டனில் ஒரு மயக்க மருத்துவர். பெயர் ஆர்ச்சி பிரெய்ன். நிஜப் பெயரே அதுதான்! பல் டாக்டர்கள் நோயாளியின் மூக்கின் மேல் வைக்கிற சின்ன மாஸ்க்கைப் பார்த்தார். 'இதை ஏன் முகத்துக்கு வெளியே வைக்க வேண்டும்? தொண்டைக்குள்ளேயே கொண்டுபோய்க் குரல்வளை வாசலில் கவிழ்த்துவிட்டால்?' என்று யோசித்தார்.

இறந்தவர்களின் தொண்டையில் பிளாஸ்டர் அச்சு எடுத்துப் பார்த்தார். மாஸ்க்கின் காற்றடைத்த ரப்பர் விளிம்பைக் கழற்றி ஒரு டியூபோடு பசை போட்டு ஒட்டினார். அதே வருஷம் நோயாளிக்கும் பொருத்திப் பார்த்தார். வேலை செய்தது!

1983-ல் கட்டுரை வெளியிட்டார். 1988-ல் பிரிட்டனில் விற்பனை. 1991-ல் அமெரிக்காவின் அனுமதி. 'லாரிஞ்சியல் மாஸ்க்' உலகம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

சரி, சுபம் போட்டுவிடலாமா? பொறுங்கள்.

வாசலில் கவிழ்த்த மூடி, வாசலுக்கு வைத்த பூட்டு அல்ல. இரைப்பையில் உள்ளது மேலே பொங்கி வந்தால், நுரையீரலுக்குள் இறங்குவதை இந்த மாஸ்க் உறுதியாகத் தடுக்காது. பிரெய்னுக்கும் இது தெரியும். அதனால்தான் 2000-ல் வந்த அவருடைய அடுத்த மாடலில், இரைப்பை நீரை வெளியேற்றத் தனியாக ஒரு குழாய் வைத்தார்.

அது சின்ன விஷயமில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் 2008 செப்டம்பர் தொடங்கி ஒரு வருஷம் பெரிய கணக்கெடுப்பு நடந்தது. வருஷத்துக்குச் சுமார் 29 லட்சம் பொது மயக்கம். அதில் பாதிக்கு மேல் இந்த ரக மாஸ்க்தான். மயக்கத்தின்போது மூச்சுப்பாதைச் சிக்கலால் இறந்ததாகப் பதிவானவர்கள் 16 பேர். 29 லட்சத்தில் இது ரொம்பக் குறைவுதான். ஆனால் அந்தச் சாவுகளில் பாதிக்குக் காரணம், இரைப்பையில் இருந்தது நுரையீரலுக்குள் போனது! எந்த நோயாளிக்கு மாஸ்க், யாருக்கு டியூப் என்று முடிவெடுப்பதில்தான் பல இடங்களில் கோட்டை விட்டிருந்தார்கள். 2011-ல் வந்த அறிக்கை இதை வெளிப்படையாகவே சொன்னது.

ஆகவே வாசகரே, ஆபரேஷனுக்கு முன்னால் 'எப்போ சாப்பிட்டீங்க?' என்று மயக்க டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். 'ரெண்டே ரெண்டு இட்லிதானே' என்று மறைக்காதீர்கள். எந்தக் கருவி என்று அவர் முடிவு செய்வது உங்கள் பதிலை வைத்துத்தான்.